எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்: தென்னாப்பிரிக்க அலுவலகங்களுக்கான வால்யூம் லைசென்ஸ் ஆக்டிவேஷன் – முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வர்த்தில் 18 கணினிகளுடன் நடக்கும் கணக்காளர் அலுவலகமும், பைன்டவுனில் 200 கணினிகள் ஓடும் கிடங்கு நிறுவனமும் ஒரே மாதிரி மைக்ரோசாஃப்ட் வால்யூம் லைசென்ஸ் (பல கணினிகளுக்கு மொத்தமாக வாங்கும் உரிமை) வாங்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆக்டிவேஷன் சரிப்படாது. 200 கணினிக்குப் பொருந்தும் முறையை 18 கணினியில் அமைத்தால் எல்லாம் சரியாக நிறுவப்பட்டதுபோல் தெரியும், ஆனால் ஒரு கணினிகூட ஆக்டிவேட் ஆகாது. மாதக்கணக்கில் ஃபயர்வாலையும் டிஎன்எஸ்ஸையும் துருவிக்கொண்டிருப்பார்கள். குறை அங்கே இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியை எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறோம்.

கட்டளைகளையும் பிழைக் குறியீடுகளையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். தட்டும்போது அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். பிழைக் குறியீடுகளின் முன்னால் திரையில் வரும் "0எக்ஸ்" என்பதை விட்டுவிட்டோம். கட்டளைகள் எல்லாவற்றையும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்த கமாண்ட் விண்டோவில்தான் இயக்க வேண்டும். இல்லையேல் 80070005 என்று அனுமதி மறுப்பு வரும்.

லைசென்ஸ் வேறு, ஆக்டிவேஷன் வேறு

லைசென்ஸ் என்பது உங்கள் ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் இருக்கும் உரிமை. ஆக்டிவேஷன் என்பது அந்த மென்பொருள் ஒரு கணினியில் ஓடலாம் என்று தொழில்நுட்ப ரீதியாகக் கொடுக்கப்படும் அனுமதி. 50 லைசென்ஸ் வாங்கிய நிறுவனத்தில் கேஎம்எஸ் சர்வர் (அலுவலகத்துக்குள்ளேயே ஆக்டிவேஷன் தரும் சர்வர்) 90 கணினிகளை மறுபேச்சில்லாமல் ஆக்டிவேட் செய்துவிடும். நீங்கள் எத்தனை வாங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. தணிக்கை வரும்போது "சர்வரே ஏற்றுக்கொண்டதே" என்பது பதிலாகாது. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டு 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், 1992-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கணினி நிரல்களைத் தனி வகையாகவே பாதுகாக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. மேசைக் கணினிக்கான விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ் வெறும் அப்கிரேட் உரிமைதான். அதற்கு அடியில், கணினியோடு வந்த விண்டோஸ் ப்ரோ லைசென்ஸ் இருக்க வேண்டும். ஹோம் பதிப்போடு வந்த மலிவு லேப்டாப்பும், உதிரிபாகம் வாங்கிக் கோத்து எந்த விண்டோஸும் இல்லாமல் தந்த கணினியும் தகுதி பெறாது. எண்டர்பிரைஸ் கீ அதில் ஏறிவிடும், ஆக்டிவேட்டும் ஆகிவிடும், ஆனால் கணக்கில் அது லைசென்ஸ் இல்லாத கணினியே.

முதல் வேலை: இருப்பதை எண்ணுவது

ஒவ்வொரு கணினியிலும் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி என்ற கட்டளையை இயக்குங்கள். வரும் பெட்டியில் "டிஸ்க்ரிப்ஷன்" வரியின் கடைசியில் சேனல் பெயர் இருக்கும். ஓஇஎம்_டிஎம் என்றால் கணினியோடு வந்த கீ, பயாஸிலேயே பதிந்திருக்கிறது. ரீட்டெயில் என்றால் கடையில் வாங்கியது. வால்யூம்_எம்ஏகே என்றால் ஒருமுறை கீ. வால்யூம்_கேஎம்எஸ்கிளையண்ட் என்றால் சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும் கணினி. பயனரின் கணினியில் வெறும் வால்யூம்_கேஎம்எஸ் என்று ஏதாவது தென்பட்டால் உடனே குறித்து வையுங்கள். அது ஏன் ஆபத்து என்று கீழே வருகிறது.

50 கணினிகளுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக உட்கார வேண்டாம். பவர்ஷெல்லில் சாஃப்ட்வேர்லைசென்சிங்ப்ராடக்ட் என்ற சிம் வகுப்பைக் கேட்டால் அதே விவரம் வலைப்பின்னல் வழியாகவே கிடைக்கும். பார்ஷியல்ப்ராடக்ட்கீ காலியாக இல்லாத வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். இதைப் பழகிக்கொள்வதற்கு வேறு காரணமும் உண்டு: எஸ்எல்எம்ஜிஆர் ஒரு விபிஸ்கிரிப்ட் கோப்பு. விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. பழைய கட்டளையை மட்டும் நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

எந்த வழி யாருக்கு

மூன்று வழிகள் இருக்கின்றன.

கேஎம்எஸ்: உள்ளூரில் ஒரு சர்வர் ஆக்டிவேட் செய்யும். விண்டோஸ் மேசைக் கணினிகளுக்குக் குறைந்தது 25, விண்டோஸ் சர்வர்களுக்குக் குறைந்தது 5, ஆஃபீஸுக்குக் குறைந்தது 5 கணினிகள் அந்தச் சர்வரைக் கேட்டிருக்க வேண்டும். விண்டோஸ் கணக்கில் சர்வரும் மேசைக் கணினியும் ஒன்றாகவே கூட்டப்படும்: 10 சர்வரும் 15 லேப்டாப்பும் இருந்தால் 25 ஆகிவிடும். விர்ச்சுவல் மெஷின்களும் சேரும்.

ஆக்டிவ் டைரக்டரி வழி ஆக்டிவேஷன்: டொமைனில், அதாவது அலுவலகத்தின் மைய உள்நுழைவு அமைப்பில், சேர்ந்த கணினிகளுக்கு. குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை. விண்டோஸ் 8, சர்வர் 2012, ஆஃபீஸ் 2013 முதல் மேலே உள்ளவற்றுக்கு வேலை செய்யும்.

எம்ஏகே: ஒவ்வொரு கணினியும் ஒருமுறை மைக்ரோசாஃப்டுடன் நேராகப் பேசி நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகும். கீக்கு ஒரு மொத்த எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு ஆக்டிவேஷனிலும் அது குறையும்.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். டொமைன் இருக்கிற அலுவலகம், 18 கணினியோ 180 கணினியோ, ஆக்டிவ் டைரக்டரி வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேஎம்எஸ் தேவைப்படுவது டொமைனுக்கு வெளியே நிறையக் கணினிகள் இருக்கும்போதும், பல ஃபாரஸ்டுகள் (தனித்தனி ஆக்டிவ் டைரக்டரி அமைப்புகள்) இருக்கும்போதும்தான். எம்ஏகே, ஆறு மாதமானாலும் அலுவலக வலைப்பின்னலுக்குத் திரும்பாத லேப்டாப்புகளுக்கு: சுரங்கத்தில், துறைமுகத்தில், கரும்புத் தோட்டத்தின் எடைமேடையில் நிற்பவை.

மாதச் சந்தாவில் வரும் மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸ் இந்த மூன்றிலும் சேராது. அது பயனரின் உள்நுழைவால் ஆக்டிவேட் ஆகும், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட வேண்டும். அதற்குக் கேஎம்எஸ் சர்வர் அமைத்துக் காத்திருப்பது வீண்.

ஆக்டிவ் டைரக்டரி வழி

ஸ்கீமா, அதாவது ஆக்டிவ் டைரக்டரி தரவின் கட்டமைப்பு, சர்வர் 2012 நிலைக்காவது விரிவாக்கப்பட்டிருக்க வேண்டும். டொமைன் கன்ட்ரோலர்கள் பழையவையாக இருந்தால் ஸ்கீமாவை விரிவாக்கும் ஆட்ப்ரெப் கருவியை மட்டும் இயக்கினால் போதும். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. அதற்குப் பிறகு:

1. விண்டோஸ் சர்வர் ஒன்றில் சர்வர் மேனேஜரைத் திறந்து வால்யூம் ஆக்டிவேஷன் சர்வீசஸ் என்ற ரோலைச் சேருங்கள்.

2. எண்டர்பிரைஸ் அட்மின் கணக்கில் உள்நுழைந்து வால்யூம் ஆக்டிவேஷன் டூல்ஸைத் திறந்து, ஆக்டிவ் டைரக்டரி பேஸ்டு ஆக்டிவேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண டொமைன் அட்மின் கணக்கில் செய்தால் கடைசிப் படியில் அனுமதி மறுக்கப்படும்.

3. கேஎம்எஸ் ஹோஸ்ட் (கேஎம்எஸ் சர்வர்) கீயை இடுங்கள். ஆம், இந்த வழிக்கும் அதே கீதான். ஆக்டிவேஷன் ஆப்ஜெக்டுக்குப் புரியும்படி ஒரு பெயர் வையுங்கள். பதிப்பும் ஆண்டும் அதில் இருக்கட்டும்.

4. இணையம் வழியாக ஆக்டிவேட் செய்து கமிட் அழுத்துங்கள். ஆப்ஜெக்ட், கான்ஃபிகரேஷன் பகுதியில் சர்வீசஸுக்குக் கீழே மைக்ரோசாஃப்ட் எஸ்பிபி என்ற இடத்தில் பதிவாகி, ஃபாரஸ்ட் முழுவதும் பரவும்.

5. கணினிகளில் ஜிவிஎல்கே, அதாவது மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக வெளியிட்டிருக்கும் பொதுக் கிளையண்ட் கீ இருக்க வேண்டும். வால்யூம் ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவியிருந்தால் அது ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். ஓஇஎம் கீயோடு இருக்கும் கணினியில் எஸ்எல்எம்ஜிஆர் /ஐபிகே போட்டு அந்தக் கீயைத் தட்ட வேண்டும்.

கணினி மறுபடி தொடங்கியதும் தானாக ஆக்டிவேட் ஆகும். 180 நாள் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பார்க்கும். ரீட்-ஒன்லி டொமைன் கன்ட்ரோலர் இருக்கிற சிறு கிளையிலும் வேலை செய்யும். கணினியை டொமைனிலிருந்து விலக்கினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஆக்டிவேஷன் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய லேப்டாப்பை ஊழியருக்கே விற்கும்போது இதுதான் முதல் புகாராக வரும். விற்கும் முன் கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸையே திரும்ப நிறுவிக் கொடுங்கள்.

கேஎம்எஸ் ஹோஸ்ட் அமைக்கும் முறை

இதற்கென்று தனிச் சர்வர் வாங்க வேண்டாம். ஒரு கோரிக்கையின் அளவு சில நூறு பைட்டுகள்தான். ஏற்கெனவே ஓடும் ஃபைல் சர்வரோ டொமைன் கன்ட்ரோலரோ போதும்.

முதலில் அந்தச் சர்வரின் விண்டோஸ் அப்டேட்டுகளை முழுதாக ஏற்றுங்கள். பழைய ஹோஸ்ட் புதிய பதிப்பின் கீயை அடையாளம் காண்பது அப்டேட் வழியாகத்தான். இதைத் தாண்டிப் போனால் கீ சரியாக இருந்தும் ஏற்க மறுக்கும். பிறகு மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் வால்யூம் லைசென்சிங் பகுதிக்குப் போய் (முன்பு விஎல்எஸ்சி என்ற தனித்தளமாக இருந்தது) நீங்கள் வாங்கியதில் மிகப் புதிய சர்வர் பதிப்பின் கேஎம்எஸ் கீயை எடுங்கள். புதிய சர்வர் கீ தனக்குக் கீழுள்ள பதிப்புகளையும் மேசைக் கணினிகளையும் சேர்த்து ஆக்டிவேட் செய்யும். பதிப்புக்கு ஒன்றாக நிரப்ப வேண்டியதில்லை.

எஸ்எல்எம்ஜிஆர் /ஐபிகே போட்டுக் கீயை இட்டு, எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ போட்டு இணையம் வழியாக ஆக்டிவேட் செய்யுங்கள். ஃபயர்வாலில் கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ் என்ற உள்வரும் விதி தயாராக இருக்கும், ஆனால் அணைந்திருக்கும். அதை இயக்குங்கள். டிசிபி 1688 திறக்கும்.

ஹோஸ்ட் தன் பெயரை டிஎன்எஸ்ஸில் தானே பதியும். சரிபார்க்க ஒரு கிளையண்டிலிருந்து என்எஸ்லுக்கப் -டைப்=எஸ்ஆர்வி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, _விஎல்எம்சிஎஸ்._டிசிபி என்பதையும் அதற்குப் பின் ஒரு புள்ளி வைத்து உங்கள் டொமைன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே ஒரு ஹோஸ்ட்தான் வர வேண்டும், போர்ட் 1688 என்று. அடுத்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில் ஹோஸ்ட் பெயரும் -போர்ட் 1688-உம் கொடுத்துப் பாருங்கள். இவை இரண்டும் சரியாக வந்தால் இனி வரும் சிக்கல் வலைப்பின்னலில் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஹோஸ்ட் கீயை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கீ 6 ஹோஸ்டுகளுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு ஹோஸ்டையும் அதற்குப் பிறகு 9 முறை மறுபடி ஆக்டிவேட் செய்யலாம். உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர் "ஆக்டிவேஷன் கேட்கிறது" என்ற புகாருக்கு இதைப் பயனரின் லேப்டாப்பில் தட்டிவிட்டால் அந்த லேப்டாப்பே ஒரு கேஎம்எஸ் ஹோஸ்டாகிவிடும். டிஎன்எஸ்ஸிலும் தன் பெயரைப் பதியும். அலுவலகக் கணினிகளில் பாதி அதைத் தேடிப் போகும். அது மாலையில் வீட்டுக்குப் போய்விடும். இப்படி ஆறு முறை நடந்தால் கீ தீர்ந்து சி004சி008 வரும். முன்னே சொன்ன வால்யூம்_கேஎம்எஸ் சேனல் இதுதான். அந்த லேப்டாப்பில் ஜிவிஎல்கே இட்டு, டிஎன்எஸ்ஸில் அதன் எஸ்ஆர்வி பதிவை (ஹோஸ்ட் எங்கே என்று சொல்லும் வரியை) கையால் நீக்குங்கள்.

ஹோஸ்டின் எண்ணிக்கையைப் படிப்பது

ஹோஸ்டில் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி போட்டால் கீழ்ப்பகுதியில் "கரண்ட் கவுன்ட்" என்று ஒரு வரி வரும். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் கேஎம்எஸ் சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்தது. 25-க்குக் கீழே இருந்தால் மேசைக் கணினிகளுக்கு சி004எஃப்038 என்ற மறுப்பே வரும். 50 என்று நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம்: தேவையான 25-இன் இரண்டு மடங்கைத்தான் ஹோஸ்ட் நினைவில் வைத்துக்கொள்ளும். உங்களிடம் 200 கணினிகள் இருந்தாலும் 50 என்றே காட்டும்.

அந்த எண்ணிக்கை எப்படி ஏறுகிறது? ஒவ்வொரு கிளையண்டுக்கும் சிஎம்ஐடி என்ற தனி அடையாளம் உண்டு. புதிய சிஎம்ஐடி கேட்டால் ஒன்று கூடும். 30 நாள் எட்டிப்பார்க்காத சிஎம்ஐடியை ஹோஸ்ட் மறந்துவிடும். நம் ஊரில் இது டிசம்பரில் கடிக்கும். டிசம்பர் நடுவில் அலுவலகத்தைப் பூட்டி ஜனவரியில் திறக்கும் வழக்கம். பள்ளிக் கணினி அறைகள் இன்னும் நீளமாகப் பூட்டியிருக்கும். கணினிகள் அணைந்திருக்கும் நாட்கள் 30-ஐத் தாண்டினால் எண்ணிக்கை சரியும். 27 கணினிகளோடு 25 வரம்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த அறையில், ஜனவரி முதல் நாள் பத்துக் கணினிகளை இயக்கியதும் புதுப்பித்தல் தோல்வி என்று பதிவாகும். அவை 180 நாளில் மிச்சமிருப்பதை வைத்து ஓடிக்கொண்டேதான் இருக்கும். எல்லாக் கணினிகளையும் அன்றே இயக்கி வலைப்பின்னலில் விட்டுவிட்டால், ஒவ்வொன்றும் கேட்கும்போதே எண்ணிக்கை ஏறி, மறுபடி 25-ஐத் தொடும். அன்றைக்குப் புதிய கணினி ஒன்றை முதன்முதலாக ஆக்டிவேட் செய்ய மட்டும் முயலாதீர்கள்.

எண்ணிக்கை ஏறவே மறுத்து 1-இலோ 2-இலோ நின்றால் காரணம் வேறு. ஒரே இமேஜிலிருந்து (நிறுவி முடித்த கணினியின் முழுப் பிரதியிலிருந்து) எல்லாக் கணினிகளையும் குளோன் செய்திருக்கிறார்கள், சிஎம்ஐடியும் சேர்ந்து பிரதியாகியிருக்கிறது. 40 கணினிகள் கேட்டாலும் ஹோஸ்டுக்கு ஒரே ஆள் 40 முறை கதவைத் தட்டியதுபோலத்தான். இரண்டு கிளையண்டுகளில் /டிஎல்வி போட்டு சிஎம்ஐடி வரியை ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கணினிகளில் எஸ்எல்எம்ஜிஆர் /ரீஆர்ம் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் புதிய சிஎம்ஐடி பிறக்கும். இனிமேல் இமேஜ் எடுக்குமுன் சிஸ்ப்ரெப் /ஜெனரலைஸ் /ஓஓபிஇ /ஷட்டவுன் கட்டாயம். இமேஜில் ஆஃபீஸ் இருந்தால் அதன் கோப்புறையில் உள்ள ஓஎஸ்பிபிரீஆர்ம் நிரலையும் அதற்கு முன்பே ஓட்டுங்கள்.

கிளையண்டில் இதே கட்டளை "வால்யூம் ஆக்டிவேஷன் எக்ஸ்பிரேஷன்: 259200 நிமிடம்" என்று காட்டும். அது 180 நாள். "ஆக்டிவேஷன் இன்டர்வல் 120", தோற்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி முயலும். "ரினியூவல் இன்டர்வல் 10080", ஏழு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். அதாவது புதுப்பித்தல் சரியாக நடக்கும் கணினியில் மிச்ச நாட்கள் எப்போதும் 173-க்கும் 180-க்கும் இடையில் இருக்க வேண்டும். வாரந்தோறும் அலுவலகம் வரும் கணினியில் 140 என்று பார்த்தால், இன்னும் காலாவதியாகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக ஏதோ அடைபட்டிருக்கிறது.

லோட் ஷெட்டிங், மின்னழுத்த எழுச்சி, கடிகாரம்

மின்வெட்டுக்குப் பயந்து இரண்டாவது கேஎம்எஸ் ஹோஸ்ட் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. ஹோஸ்ட் நான்கு மணி நேரமோ நான்கு நாளோ படுத்திருந்தாலும் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினிக்கு ஒன்றும் ஆகாது. லெனேசியா கிளையின் இணைப்பு ஒரு வாரம் அறுந்தாலும் அப்படித்தான். யூபிஎஸ்ஸுக்கான பணத்தை ஃபைல் சர்வருக்குச் செலவிடுங்கள்.

உண்மையான தொல்லை மின்சாரம் திரும்பி வரும் நேரத்தில்தான். எழுச்சியில் மதர்போர்டு போனால், எம்ஏகே கணினி மாற்றிய போர்டில் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும், எண்ணிக்கையில் ஒன்று கழியும். கேஎம்எஸ் கிளையண்ட் சத்தமில்லாமல் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஹோஸ்டின் போர்டே போனால் ஒன்பதில் ஒரு மறு ஆக்டிவேஷன் செலவாகும்.

அடுத்தது கடிகாரம். கிளையண்டுக்கும் ஹோஸ்டுக்கும் நேரம் 4 மணிக்கு மேல் விலகினால் சி004எஃப்06சி வரும். சீமாஸ் பேட்டரி செத்த பழைய கணினி, மின்வெட்டுக்குப் பிறகு பல வருடம் பின்னால் போய் நிற்கும். அதைவிட நுட்பமானது நேர மண்டலம். விண்டோஸ் கணக்கிடுவது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தை. நிறுவும்போது மண்டலத்தை அமெரிக்க பசிபிக் நேரத்திலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் டர்பன் நேரத்துக்குத் திருப்பினால் உள்ளே 9 அல்லது 10 மணி நேரம் பிழை. திரையில் நேரம் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. சென்னையில் எடுத்த இமேஜை இங்கே போட்டு அப்படியே கையால் திருப்பினால் மூன்றரை மணி நேரம்: கேஎம்எஸ் ஏற்றுக்கொள்ளும், ஆனால் 5 நிமிட விலகலையே பொறுக்காத கெர்பரோஸ் டொமைன் உள்நுழைவை மறுக்கும். மண்டலத்தைத் தென்னாப்பிரிக்க நேரம், யூடிசி +2 என்று வைத்து, டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் போடுங்கள். நமக்குக் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் அதன்பின் தொடத் தேவையில்லை.

எம்ஏகே: சிக்கனமாகச் செலவிட

எஸ்எல்எம்ஜிஆர் /ஐபிகே, பிறகு /ஏடிஓ. வேலை அவ்வளவுதான், ஆனால் கணக்கு பெரிது. அதே கணினியை அழித்து மறுபடி நிறுவினால் இன்னொன்று கழியும். பழையது திரும்பி வராது. கீ தீர்ந்தால் சி004சி020. உரிமை மிச்சமிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டித் தரும்படி மைக்ரோசாஃப்டைக் கேட்கலாம், ஆனால் அதற்கு உங்கள் பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும்.

இங்கே விஏஎம்டி என்ற இலவசக் கருவி கைகொடுக்கும். விண்டோஸ் ஏடிகே தொகுப்பில் வருகிறது, எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வேண்டும், கணினிகளில் டபிள்யூஎம்ஐ ஃபயர்வால் விதி திறந்திருக்க வேண்டும். இதில் ப்ராக்ஸி ஆக்டிவேஷன் செய்யுங்கள்: இணையமே இல்லாத கணினிகளின் இன்ஸ்டலேஷன் ஐடியைத் திரட்டி, இணையமுள்ள ஒரு கணினி வழியாக மைக்ரோசாஃப்டிடமிருந்து கன்ஃபர்மேஷன் ஐடி வாங்கி, திரும்பப் பதியும். அந்த ஐடி தரவுத்தளத்தில் தங்கிவிடுவதால், அதே வன்பொருளில் மறுபடி நிறுவும்போது எண்ணிக்கை கழியாமல் அதையே இடலாம். ஆண்டுக்கு இருமுறை இமேஜ் மாற்றும் கல்லூரிக்கு இது ஒன்றே பாதிக் கீயை மிச்சப்படுத்தும்.

எம்ஏகேயை அன்அட்டென்ட் (தானியங்கி நிறுவலுக்கான) கோப்பிலோ, எல்லோரும் திறக்கும் பகிர்வுக் கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்டிலோ எழுதி வைக்காதீர்கள். கசிந்த எம்ஏகேதான் இணையத்தில் சொற்ப ராண்டுக்கு "ஆயுள் கீ" என்று விலைபோகிறது. தடை செய்யப்பட்டால் சி004சி003. அன்றைக்கு அதில் நிற்கும் உங்கள் கணினிகளும் சேர்ந்து தவிக்கும்.

ஆஃபீஸ்

ஆஃபீஸ் எல்டிஎஸ்சி (சந்தா இல்லாமல் ஒருமுறை வாங்கும் ஆஃபீஸ்) பதிப்புகளை ஆஃபீஸ் டெப்ளாய்மென்ட் டூல் வழியாகத்தான் நிறுவ வேண்டும். கான்ஃபிகரேஷன் கோப்பில் ப்ராடக்ட் ஐடி ப்ரோபிளஸ்2024வால்யூம், சேனல் பெர்பெச்சுவல்விஎல்2024. பிஐடிகீ என்ற பண்பை எழுதாமல் விட்டால் பொதுக் கிளையண்ட் கீ தானாக ஏறி, ஆக்டிவ் டைரக்டரியையோ கேஎம்எஸ்ஸையோ தேடும். எம்ஏகே என்றால் மட்டும் அந்தப் பண்பில் கீயை எழுதுங்கள்.

விண்டோஸ் கேஎம்எஸ் ஹோஸ்ட் ஓடுகிறது என்பதால் ஆஃபீஸும் ஆக்டிவேட் ஆகிவிடாது. அந்தந்தப் பதிப்புக்கான ஆஃபீஸ் வால்யூம் லைசென்ஸ் பேக்கை ஹோஸ்டில் நிறுவி, அந்தப் பதிப்பின் தனி ஹோஸ்ட் கீயை இட வேண்டும். விண்டோஸைப் போல புதிய கீ பழையதையும் பார்த்துக்கொள்ளும் என்ற சலுகை இங்கே கிடையாது.

நிலையைப் பார்க்க, ப்ரோகிராம் ஃபைல்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ஆஃபீஸ்16 கோப்புறைக்குப் போய் (2016 முதல் 2024 வரை எல்லாவற்றுக்கும் 16-தான்) சிஸ்கிரிப்ட் ஓஎஸ்பிபி.விபிஎஸ் /டிஸ்டேட்டஸ் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கீ தெரிந்தால், முன்பு கணினியோடு வந்த சோதனைப் பதிப்பின் எச்சமாக இருக்கலாம். /அன்பிகீ: என்று போட்டு அதன் கடைசி ஐந்து எழுத்துகளைத் தந்து நீக்குங்கள். ஆக்டிவேட் ஆகாத ஆஃபீஸின் தலைப்புப் பட்டை சிவப்பாக மாறும். பயனர் தொலைபேசியில் "எக்செல் சிவப்பாகிவிட்டது" என்றால் இதுதான்.

அஜூரில் இருக்கும் சர்வர்கள்

ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் 2019 முதல் அஜூர் மையங்கள் இயங்குகின்றன. அங்கே ஓடும் விண்டோஸ் சர்வர்கள் அஜூரின் சொந்தக் கேஎம்எஸ்ஸால் ஆக்டிவேட் ஆகின்றன. உங்கள் ஹோஸ்ட் தேவையில்லை. ஆனால் பாதுகாப்புக்காக எல்லாப் போக்குவரத்தையும் டர்பன் அலுவலக ஃபயர்வால் வழியாகத் திருப்பிவிட்டால், அந்தக் கோரிக்கை அஜூருக்கு வெளியிலிருந்து வருவதாகத் தெரிந்து நிராகரிக்கப்படும். கேஎம்எஸ் முகவரிக்கு மட்டும் நேர் வழி ஒன்றை ரூட் டேபிளில் சேருங்கள்.

அடிக்கடி வரும் மற்ற பிழைகள்

சி004எஃப்074: எந்த ஹோஸ்டையும் எட்ட முடியவில்லை. 1688, ஃபயர்வால், விபிஎன் என்ற வரிசையில் பாருங்கள். 8007232பி: டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரே இல்லை, டொமைனில் சேராத கணினியாக இருக்கும். எஸ்எல்எம்ஜிஆர் /எஸ்கேஎம்எஸ் போட்டு ஹோஸ்ட் பெயரை நேராகக் கொடுங்கள். சி004எஃப்042: கிளையண்ட் ஹோஸ்ட் கீயைவிடப் புதியது, ஹோஸ்டுக்குப் புதிய கீ வேண்டும். சி004எஃப்069: கீ ஒரு பதிப்புக்கு, நிறுவியிருப்பது இன்னொன்று. மதிப்பீட்டு ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவிய சர்வரில் இது அதிகம்.

இன்னொன்றையும் கவனமாகப் பாருங்கள். கிளையண்டின் /டிஎல்வியில் கேஎம்எஸ் பெயர் உங்கள் சர்வராக இல்லாமல் முன்பின் தெரியாத இணைய முகவரியாகவோ 127-இல் தொடங்கும் முகவரியாகவோ இருந்தால், யாரோ திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். எஸ்எல்எம்ஜிஆர் /சிகேஎம்எஸ் போட்டால் முகவரி போய்விடும், ஆனால் அந்தக் கருவிகள் ஆன்டிவைரஸ் விலக்குகளையும் டாஸ்க் ஷெட்யூலர் வேலைகளையும் விட்டுச் செல்கின்றன. வாடிக்கையாளரின் அடையாள எண்களும் வரிக் கணக்குகளும் இருக்கும் கணினி என்றால், 2021 ஜூலை 1 முதல் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பும் உங்கள் தலையில் இருக்கிறது. சுத்தப்படுத்த முயலாமல் அழித்து மறுபடி நிறுவுங்கள்.

பதிவேடு

ஒப்பந்த எண், வாங்கிய தேதி, அளவு, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள், அது ஏறிய கணினியின் சீரியல் எண், அடியில் உள்ள ஓஇஎம் லைசென்ஸின் இன்வாய்ஸ். இந்த ஆறும் ஒரு தாளில் இருக்கட்டும். கணினி கைவிடப்படும் நாளிலேயே வரியை மூடுங்கள். பிரதி ஒன்று கட்டடத்துக்கு வெளியே வேண்டும்: 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் டர்பன் பகுதியில் கணினியோடு கோப்பு அலமாரியும் போன அலுவலகங்கள் உண்டு. கணினிக்குக் காப்பீடு கிடைக்கும். லைசென்ஸ் வாங்கியதற்கான தாள் போனால் அதைத் திரட்டுவது நெடுநாள் வேலை.

பழைய ஹோஸ்டை ஓய்வாக்கும்போது

புதிய ஹோஸ்டை முதலில் முழுதாக எழுப்பி, அதன் கரண்ட் கவுன்ட் 25-ஐத் தாண்டும்வரை பழையதைத் தொடாதீர்கள். பிறகு பழையதில் எஸ்எல்எம்ஜிஆர் /சிடிஎன்எஸ் போட்டு டிஎன்எஸ் பதிவை நிறுத்தி, எஸ்ஆர்வி வரியைக் கையால் நீக்குங்கள். அது தானாக மறையாது. டிஎன்எஸ் வழியாகக் கண்டுபிடித்த கிளையண்டுகள், பழையது பதில் சொல்லாதபோது தாமே புதியதைத் தேடிக்கொள்ளும். /எஸ்கேஎம்எஸ் போட்டுப் பெயரைக் கட்டி வைத்த கணினிகள் தேடாது. அவை எவை என்று அறிய, பழைய ஹோஸ்டின் ஈவென்ட் வியூவரில் கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ் பதிவில் 12290 எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். கேட்ட கணினியின் பெயர் அதிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் /சிகேஎம்எஸ் போட்டு, 30 நாள் தொடர்ந்து 12290 ஒன்றுகூட வராவிட்டால் எஸ்எல்எம்ஜிஆர் /யூபிகே போட்டுக் கீயை எடுத்துவிட்டுச் சர்வரை அணைக்கலாம்.